ஏழு மணி இருட்டு

"மாமா, அந்தத் தோட்டத்துக் கேமராவுல டைம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடலாமா?"

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆனேக்கல்லிலிருந்து மனைவி லாவண்யாவோடு வந்திருந்த மாப்பிள்ளை கவியரசன், கொட்டாவியை மென்று விழுங்கியபடி கேட்டார்.

சுந்தரமூர்த்திக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் தொம்மலூர் வீட்டு வாசலைக் காட்டியிருப்பார். ஆனால் கேட்டது மாப்பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் எதிரே கால்மேல் கால் போட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"நானே செட் பண்ணினது மாப்பிள்ளை. தப்பா இருக்காது."

அவர் செட் பண்ணியது என்பது, செல்போன் கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே 'ஓகே'யை அழுத்தியதுதான். கேமரா மாட்ட வந்தவர் உதவட்டுமா என்று கேட்டபோது, பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அனுப்பிவிட்டார். அவருடைய முதுகெலும்பு அப்படி. பொடி எழுத்தைப் படிக்கக்கூட வளையாது.

ஆனேக்கல்லுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யாத் தோட்டம். காலை ஏழு மணிக்கு வந்து தண்ணீர் திறந்துவிடப் பச்சைமுத்து என்பவனை வைத்திருந்தார். கேமரா மாட்டிய மறுநாளே வண்டவாளம் தெரிந்துவிட்டது. ஆள் வந்தது ஒன்பதரைக்கு.

அன்று முதல் தினமும் பூஜை, காபி எல்லாம் முடித்து, பத்தரை மணிக்கு மேல் பதிவைப் பார்ப்பார். பிறகு, தோட்டத்துக்கென்று வாங்கிக் கொடுத்த போனுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். சோம்பேறி, தண்டச்சோறு, கழுதை ஆகிய மூன்றும் அதில் தவறாமல் இருக்கும். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வரும்.

இரண்டு வாரத்தில் கண்டிப்பு பலித்தது. மூன்றாம் நாளிலிருந்தே குரங்குத் தொப்பியும் சால்வையுமாக, கண் மட்டும் தெரிய வந்துகொண்டிருந்த ஆள், சரியாக ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்க ஆரம்பித்தான்.

ஏழு மணிக்கு எப்படி இவ்வளவு கும்மிருட்டு என்று மனைவி உஷா ஒருமுறை கேட்டாள். கிராமத்துப் பனி அப்படித்தான் இருக்கும் என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

இன்று ஒரு படி மேலே போய், நாளை முதல் ஆறு மணிக்கே வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். ஆளை வேலை வாங்கும் வித்தையை மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் இப்படிக் கேட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் போனை நீட்டினார். மாப்பிள்ளை இரண்டு தட்டு தட்டினார்.

"இது சீனா டைம்ல ஓடுது மாமா. கேமரா செஞ்ச ஊரு டைம். நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி."

சுந்தரமூர்த்தி விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அப்படியானால் ஒன்பதரை என்பது ஏழு.

"அப்போ இப்ப ஏழு மணிக்கு வர்றது?"

"நாலரை" என்றாள் லாவண்யா, விரல் மடக்காமலே.

"ஆறு மணின்னா மூணரை மாமா" என்றார் மாப்பிள்ளை, பரிதாபமாக.

உஷா தலையில் அடித்துக்கொண்டாள். "நேரத்துக்கு வந்த மனுஷனைத் திட்டித் திட்டி, இந்தக் குளிர்ல நாலரை மணிக்கு வர வெச்சிருக்கீங்க. நல்லா இருக்குது உங்க கௌரவம்."

டைமை மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர்கள் குடும்பத்தில் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. யாரும் தப்பே செய்ததில்லை என்று நம்பி வந்ததால் அதற்குத் தேவை வரவில்லை. ஆனால் குற்றமில்லாதவனைத் தண்டித்த வீடு என்ற பேர் அதைவிட மோசமில்லையா?

வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். எல்லோர் முன்னிலையிலும் போனை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"பச்சைமுத்து, நான் சுந்தரமூர்த்தி பேசறேன். நீ நேரத்துக்குத்தான் வந்திருக்கே. கேமரா டைம் தப்பு. அந்தத் தப்பு என்னோடது. உன்னைக் கழுதைன்னு சொன்னேன், அது நாந்தான். மனசுல வெச்சுக்காதே. நாளையிலேர்ந்து ஏழு மணிக்கு வந்தாப் போதும்."

பெருவிரலால் அழுத்தி அனுப்பினார். முதுகு முன்னைவிட நேரானதுபோல் இருந்தது.

அடுத்த நொடி, மாப்பிள்ளையின் சட்டைப் பையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

கவியரசன் மெல்ல எழுந்தார். "நீங்க திட்டின ரெண்டாவது நாளே பச்சைமுத்து இந்தப் போனை எங்க வீட்டுல குடுத்துட்டு வேலையை விட்டு நின்னுட்டாரு மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா முட்டி வலியோட நீங்களே தோட்டத்துக்குக் கிளம்பிடுவீங்கன்னு, நான்தான் தினமும்... ஏழு மணியே எனக்குப் போதும் மாமா, ஆபீஸ் போறதுக்கும் வசதியா இருக்கும்."