நோட்ஸ் தெரிந்தவர்கள்

"நோட்ஸ் வாசிக்கத் தெரியுமோ?" என்று யாகப்பு கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றான் கனிசியஸ்.

பொய்.

கனிசியசுக்கு வயது இருபத்தொன்பது. குருநகரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். கிற்றாரைக் கையில் எடுத்து எட்டு மாதம்தான். கடைக்குப் பின்னால் இருந்து தனியத் தட்டித் தட்டிப் பழகியது. காதால் கேட்டதை ஒருமாதிரி வாசிப்பான். நாலு பேரோடு சேர்ந்து ஒருநாளாவது வாசித்துவிட வேண்டும் என்று சரியான ஆசை.

1995 தை மாதம். சண்டை நின்றிருந்த நேரம். கலைந்துபோன தன் இசைக்குழுவை யாகப்பு திரும்பவும் கூட்டிக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் எல்லாரும் ஒவ்வொரு நாட்டில். மாசியில் ஒரு கலியாண வீட்டுக்கு வாசிக்கக் கேட்டிருந்தார்கள்.

கனிசியசுக்கு அடுத்ததாக மண்டலினோடு நின்றவள் றோஸ். கொன்வென்றில் தையல் படிப்பிக்கிறவள். அவளிடமும் யாகப்பு அதையே கேட்டார்.

"இல்லை அண்ணை. கேட்டுத்தான் வாசிப்பன்."

வாசித்தும் காட்டினாள். கனிசியஸ் வாயைத் திறந்தபடி நின்றான். அவனைவிட எவ்வளவோ மேல்.

யாகப்பு ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். அதற்குள் மேசையில் கிடந்த தாள்கள் அவளுடைய கண்ணில் பட்டுவிட்டன. ஐந்தைந்து கோடு. கோடெல்லாம் கறுப்புப் புள்ளி.

"உதுதான் வேணுமெண்டால் எனக்குச் சரிவராது அண்ணை."

மண்டலினை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கனிசியசுக்கு இடம் கிடைத்தது.

பின்னேரங்களில், வெளிச்சம் இருக்குமட்டும் யாகப்புவின் விறாந்தையில் பயிற்சி. யாகப்பு அக்கோடியன். உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வரும் பஞ்சலிங்கம் வயலின். கிறகோரி பொங்கஸ் மேளம். யாகப்புவைத் தவிர மற்ற மூன்று பேரும் புதிது. ஆளுக்கு முன்னால் ஒரு கட்டுத் தாள்.

கனிசியஸ் கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு காதைப் பஞ்சலிங்கத்தின் பக்கம் நீட்டினான். பஞ்சலிங்கம் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினால் இவனும் சுருக்கினான். அவர் பக்கத்தைத் திருப்பினால் இவனும் திருப்பினான்.

முதல்முறை நாலு வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்தபோது அவனுக்கு உடம்பு புல்லரித்தது. தன்னுடைய கிற்றார் எது, மற்றவர்களுடைய சத்தம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை. இதற்காகத்தானே எட்டு மாதம்.

மூன்றாவது கிழமை யாகப்பு சொன்னார், "நல்லா வருது. ஆளையாள் கேட்டு வாசிக்கிறியள்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

"இஞ்சாருங்கோ, ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?" என்றாள் மனைவி மரியநாயகி. "ஆசைப்பட்டுத்தானே சேந்தனீங்கள்?"

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்டை இருக்குது. நீங்கள் பொய்யைச் சொல்லிப்போட்டுக் கதிரையிலை இருக்கிறியள்."

"அவள் தானாத்தானே போனவள்?"

"நீங்களும் தெரியாதெண்டு சொல்லியிருந்தால் போயிருப்பாளோ?"



அடுத்தநாள் மற்றவர்கள் வருமுன்னம் கனிசியஸ் பயிற்சிக்குப் போனான். யாகப்பு அக்கோடியனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்கு உதிலை ஒரு புள்ளிகூடத் தெரியாது. பொய் சொல்லித்தான் சேந்தனான். கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. றோஸைக் கூப்பிடுங்கோ. நான் விலகுறன்."

யாகப்புவுக்குக் கோபம் வரவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

"றோஸ் நாளைக்கு வாறாள். நேற்றே போய்க் கேட்டிட்டன். வந்த அண்டைக்கே உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்."

கனிசியசுக்குக் காது சுட்டது. கிற்றாரைத் தூக்கினான்.

"அப்ப நான் போயிட்டு வாறன் அண்ணை."

"எங்கை போறீர்? இரும். அவள் மண்டலின், நீர் கிற்றார்."

"நோட்ஸ் தெரியாமல் எப்பிடி அண்ணை? இவ்வளவு நாளும் பஞ்சலிங்கம் அண்ணையைப் பாத்துத்தான் சமாளிச்சனான்."

"பஞ்சலிங்கமும் போன கிழமை உம்மைப்போலத் தனிய வந்து சொன்னவன். உந்தக் கதிரையிலைதான் இருந்தவன். கிறகோரி தலையாட்டிற இடத்திலைதான் தான் பக்கம் திருப்பிறதெண்டு சொன்னவன்."

"அப்ப கிறகோரி?"

"அவன் அதுக்கு முதல் கிழமை வந்தவன். கனிசியசுக்கு வடிவாத் தெரியும், அவரைப் பாத்துத்தான் தான் அடிக்கிறதெண்டான்."

கனிசியஸ் கதிரையில் இருந்துவிட்டான். சிரிப்பு வந்தது. மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப ஏன் அண்ணை எல்லாரிட்டையும் நோட்ஸ் தெரியுமோ எண்டு கேட்டனீங்கள்?"

யாகப்பு துணியை மடித்து வைத்தார். படலைப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

"உந்தத் தாளெல்லாம் எழுதினவர் கனடாவுக்குப் போய் அஞ்சு வருஷம். வாறவையிலை ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தால் நான் தப்பியிடலாம் எண்டு பாத்தன்."

"அண்ணை, நீங்கள்...?"

"நீங்கள் மூண்டு பேரும் ஒவ்வொருத்தரா வந்து என்னட்டைச் சொல்லிப்போட்டு நிம்மதியாப் போறியள்," என்றார் யாகப்பு. "நான் ஆரிட்டையப்பா போய்ச் சொல்லுறது?"