சாண் கணக்கு

இரண்டாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் அளத்தல் பாடம். லீமா டீச்சர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்துக் காட்டி, அவரவர் கையால் அளந்தால் எல்லாருமே எட்டு சாண்தான் என்றாள். வீட்டில் யாரையாவது அளந்து வரச் சொன்னாள். மறுநாள் எல்லாரும் அளந்து வந்தார்கள், இசக்கியம்மா மட்டும் வரவில்லை. முந்தின ராத்திரிதான் அவள் அப்பா போயிருந்தார். காரியமெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். டீச்சர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து நின்றாள்.

"எங்கப்பாவ அளந்தேன் டீச்சர். பதிமூணு சாண்."

"எப்பம்மா அளந்த?"

"பெஞ்சுல படுக்க வச்சிருந்தாவல்லா, அப்ப. அசையவே இல்ல. எல்லாரும் அழுதுட்டு இருந்தாவ, யாரும் என்னயப் பாக்கல."

"எட்டுதான வரணும்?" என்றது பக்கத்துப் பிள்ளை.

"அதுக்கு அப்பா கையாலல்லா அளக்கணும்," என்றாள் இசக்கியம்மா. "விரிச்சு விரிச்சுப் பாத்தேன் டீச்சர், விரலு விரியவே இல்ல. அதான் என் கையால அளந்தேன். தப்பா?"

மேசைமேல் இருந்த தன் கையை லீமா டீச்சர் மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.