கடைசி இரண்டு இணைப்புகள்

“உன் சம்சாரம் காலையிலேர்ந்து வாசல்ல காத்திட்டிருக்காங்கய்யா. நீ அஞ்சு கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுத்திட்டிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். கிளம்பு” என்றார் அதிகாரி.

எல்லோரும் ‘வயர்காரர்’ என்று கூப்பிடும் அந்த ஆள் தரையில் உட்கார்ந்து, எட்டு மெல்லிய கம்பிகளை நிற வரிசைப்படி பிரித்துக்கொண்டிருந்தார். “இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர்தான் சார். முடிச்சிட்டுப் போறேன்.”

“மீதியைக் கம்பெனி ஆளுங்க பாத்துக்குவாங்க.”

“அவங்க வர ஒரு மாசம் ஆகும் சார்.”

“அதுவரைக்கும் வைஃபை போதாதா?”

“ரெண்டடி கனமான சுவரு சார். சிக்னல் தாண்டாது. பேசிட்டிருக்கும்போதே பாதியில நின்னுடும். கேபிள்னா நம்பலாம்.”

முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி, சோதனைக் கருவியில் செருகினார். ஒரு விளக்கு எரியவில்லை. முகம் சுளிக்காமல் முனையை வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மாலை நான்கு மணிக்கு ஐந்தாவது கம்ப்யூட்டருக்கும் இணைப்பு வந்துவிட்டது.

அதிகாரி பதிவேட்டை நீட்டினார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல. பத்து மணிக்கே விடுதலை உத்தரவு வந்தும், சாயங்காலம் வரைக்கும் ஜெயில்ல உக்காந்திருக்கியேய்யா.”

“ஆறு வருஷமா போன்ல என் பொண்ணோட குரலை மட்டும்தான் சார் கேட்டேன். உள்ள இருக்கறவங்களாவது இந்தக் கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க முகத்தைப் பாத்துப் பேசட்டும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தாள். கோபமாக இருப்பாளோ என்று தயங்கி நின்றார்.

“அஞ்சும் வேலை செய்யுதாங்க?” என்று கேட்டாள்.

“செய்யுது” என்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.