பல்லைக் காட்டு

குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள்.

மகன்வழிப் பேரன். மூன்று மாதம். நல்ல கறுப்பு. அவர் நிறம்.

காதில் மூன்று முறை பெயர் சொல்லவேண்டும். என்ன பெயர் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர். யாரும் கேட்கவுமில்லை.

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பழைய துப்பறியும் படம். கறுப்பு வெள்ளை.

மருமகளின் அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சம்பந்தி, அங்க பாருங்க! கொலகாரப்பய அப்படியே ஒங்க சாடை."

"சாடை இல்ல. நான்தான்."

சிரிப்பு நின்றது.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

படப்பிடிப்பு அன்று மற்ற அடியாட்களுக்கு முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தார்கள்.

"இவனுக்கு வேண்டாம்" என்றார் இயக்குநர்.

கொலைகாரனுக்கு ஒரு பெயர் வேண்டும். கதாநாயகன் அதைச் சொல்லி மிதிக்கவேண்டும்.

"உன் பேரு என்னய்யா?"

அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. நாடெல்லாம் கேட்கட்டும் என்று தன்னைப் பெற்ற அய்யாவின் பெயரைச் சொன்னார்.

இருளப்பன்.

"கொலகாரனுக்குன்னே வச்ச மாதிரி இருக்கே!"

எழுதிக்கொண்டார்கள். விளக்கைக் குறைத்தார்கள்.

"பல்லக் காட்டு. இல்லேன்னா நீ நிக்கிறதே தெரியாது."

காட்டினார்.

படம் பார்க்கக் கமுதி டூரிங் டாக்கீஸுக்கு அய்யா புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். ஊரையும் கூட்டிக்கொண்டு போனார்.

'டேய் இருளப்பா! பேரைக் கேட்டாலே தெரியுதேடா.'

திரையில் கதாநாயகன் மிதித்தான். விசில் பறந்தது.

அய்யா எழுந்து வீட்டுக்கு நடந்தார். அதன்பிறகு அய்யா மகனிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எம்பேரச் சொல்லி அவன் மிதிக்கிறான். நீ ஏன்டா பல்லக் காட்டுன?"

அந்த ஆண்டே அய்யா போய்விட்டார்.

அவருக்கு மகன் பிறந்தபோது தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கவேண்டும். காதருகே குனிந்தபோது விசில் கேட்டது. வாய்க்கு வந்த வேறு பெயரைச் சொல்லிவிட்டார்.

கல்யாண போட்டோவில்கூட அவர் சிரித்ததில்லை.

"டேய் இருளப்பா!"

கூடத்தில் கதாநாயகனின் குரல். மகன் பாய்ந்து ரிமோட்டை எடுத்தான்.

"ஓடட்டும்" என்றார்.

குனிந்தார்.

இருளப்பன்.

இருளப்பன்.

மூன்றாவது முறை செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார். வாசல்வரை கேட்டது.

"அந்தப் பேரா?" சம்பந்தி முணுமுணுத்தார். மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

குழந்தை மட்டும் அவர் முகத்தையே பார்த்தது. பிறகு, பல்லில்லாத வாய் முழுக்கத் திறந்து, சிரித்தது.

அவருடைய உள்ளங்கை போய் அந்த வாயை மூடியது.