சும்மா வீட்டுக்குத்தான்

"சும்மா வீட்டுக்குத்தாம்மா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

கடைப் பெண் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. லேப்டாப் என்ன வேலைக்கு என்றாள். அதுவும் அவன் மனைவி வடிவைப் பார்த்துத்தான் கேட்டாள். வடிவு வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

முந்திக்கொள்வது அவனுக்குப் பழக்கம்.

சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெண்ணின் கால்கள் திரும்பிவிட்டன. நடு மேசையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்ததை எல்லாம் தாண்டி, சுவரோரத்துக்குப் போனாள்.

"பாட்டு, படம், பிள்ளைங்க படிப்பு. சும்மா யூஸுக்கு இதுவே தாராளம் சார்."

சின்ன லேப்டாப். விலையும் கையைக் கடிக்காது. வடிவு தலையை ஆட்டினாள்.

அவள் சும்மா உட்கார்ந்து அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் யார் விசாரித்தாலும், வீட்ல சும்மாதான் இருக்கா என்பான். வாய் அப்படிப் பழகிக் கிடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் வடிவு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்கினாள். புகுந்த வீட்டுக்கு அதுவும் கூட வந்தது. பிள்ளை பிறந்து வேலையை விட்டதும், துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள்.

அவனுடைய பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. இரண்டு நாளைக்கு என்று சொல்லித்தான் அதை எடுத்துப் போனான்.

அந்த இரண்டு நாள் முடியவே இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "நீ வீட்ல சும்மாதான இருக்க, ஒனக்கு எதுக்கு?" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

போன மாதம் அது செத்துப்போய் வீட்டுக்குத் திரும்பியது. மூடியில் பச்சை எனாமல் வழிந்து காய்ந்திருந்தது. அவள் தின்னரைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். பாதிதான் போனது.

சில நாள் கழித்து அவளுக்கு ஒரு போன் வந்தது. அடுத்த அறையில் இருந்த அவனுக்கு அவள் பேசியது மட்டும் கேட்டது.

"வீட்ல இருந்தே கணக்கு பாத்துக் குடுத்துருவேன் சார். லேப்டாப்புதான் இல்ல. ஒரு வாரம் பொறுங்க, சொல்றேன்."

அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்குவோம், வா என்று மட்டும் கூப்பிட்டான். உனக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் பழையதையும் பேசவேண்டி வரும்.

வடிவு அந்தச் சின்ன லேப்டாப்பின் மேல் கை வைத்தாள்.

வலது கை தன்பாட்டுக்கு நகர்ந்தது. எழுத்துகளைத் தாண்டி, விளிம்பையும் தாண்டி, வெறும் மேசையில் போய்த் தட்டியது.

அந்த இடத்தில் தனியாக எண்கள் இருக்க வேண்டும். இதில் இல்லை.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

வரிக் கணக்குக் கொடுக்கப் போன இடத்தில் அவன் முதலில் பார்த்ததே அந்தக் கையைத்தான். இடது கை பில்லைப் புரட்டும். வலது கை பார்க்காமலே தட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்கு மயங்கித்தான் பெண் கேட்டுப் போனான். அதைத்தான் இத்தனை வருடமாகச் சும்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"வலது பக்கம் நம்பர் தனியா இருக்குமே, அதைக் காட்டும்மா."

"சும்மா யூஸுன்னீங்களே சார்?"

அவன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை வடிவு முந்திக்கொண்டாள்.

"அவுக கடைக்குப் பில்லு போடணும்லா. அதுக்கு நம்பர் வேணும்."

குத்திக்காட்டவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துச் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

நடு மேசையில் இருந்ததில் ஒன்றைக் கொண்டுவந்தாள் கடைப் பெண். நினைத்து வந்ததைவிட விலை கொஞ்சம் கூடத்தான். இதையே கொடும்மா என்றான். அவள் பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, என்னென்னவோ தட்டிவிட்டு, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"பாஸ்வேர்டு போடுங்க சார்."

வடிவு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோன அன்றே அவள் வைத்திருந்த பாஸ்வேர்டை அவன் மாற்றியிருந்தான். கடைக் கணக்கு இருக்கிறது, யாரும் பார்க்கக் கூடாது என்றான். யாரும் என்பதில் தானும் உண்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்படி இல்லை என்று அவன் சொல்லவும் இல்லை.

லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த மிக்சிகளைப் பார்த்தபடி நின்றான்.

பின்னால் சத்தமே இல்லை.

மிக்சிகள் ஆரஞ்சிலும் சிவப்பிலும் இருந்தன.

பிறகு ஒரு தட்டல் கேட்டது. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. இப்போது நிற்கவில்லை. ஒரே கை, வேகமாக. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"ஆச்சு," என்றாள் வடிவு. "திரும்புங்க."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் மிக்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.