பெயர் எழுத வேண்டாம்

"சார், இது லேடீஸ் மீட்டிங். வெளியே போர்டு பார்க்கலையா?"

பியூலா டீச்சர் மைக்கிலேயே கேட்டுவிட்டதால், கூடுவாஞ்சேரி கல்யாண மண்டபம் முழுக்கக் கேட்டது. எழுபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில், சுற்றிலும் நாலு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நின்றார்.

"பார்த்தேம்மா. கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போயிடறேன்."

"மார்பகப் புற்றுநோய் பத்திப் பேசறோம். இதுல கேட்க உங்களுக்கு என்ன சார் இருக்கு? மிஸஸ் வந்திருக்காங்களா?"

"அவ போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு."

"பொண்ணு? மருமக?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

"பொழுது போகலை போல," என்றாள் முன்வரிசை ஷபீனா.

"மத்தியானம் பிரியாணின்னு யாரோ தாத்தாகிட்ட சொல்லிட்டாங்கடி," என்றது இன்னொரு குரல். மண்டபமே சிரித்தது.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாசலோரம், கேள்விப் பெட்டி வைத்த மேஜை பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

"வழி அந்தப் பக்கம் சார்!"

போய்விட்டார். பியூலா தானே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சிலர் கைதட்டினார்கள்.

டாக்டர் மெஹ்னாஸ் படம் காட்டிப் பேசினார். வலியில்லாத கட்டி, குழி விழுந்த தோல், உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, அதிலிருந்து கசியும் ரத்தம். எது தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

பிறகு கேள்விப் பெட்டியைத் திறந்தார்கள். கூச்சப்படுவார்கள் என்றுதான் இந்த ஏற்பாடு. கேள்வியை மட்டும் எழுதிப் போட்டால் போதும், பெயர் எழுத வேண்டாம்.

நாலாவது சீட்டை டாக்டர் உரக்கப் படித்தார்.

"'2003-இல் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். குணமாகிவிட்டது என்று செக்கப் போவதை நிறுத்திவிட்டேன். போன மாதம் குளிக்கும்போது தழும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாவிட்டால் பயம் இல்லைதானே? வீட்டில் கேட்க ஆள் இல்லை.'"

"வலி இல்லைங்கறதை நம்பாதீங்க," என்றார் டாக்டர். "எடுத்த இடத்துலயே, தழும்புலயே திரும்ப வரலாம். பல வருஷம் கழிச்சும் வரும். சீக்கிரம் பார்த்தா வைத்தியம் உண்டு. எழுதினவங்க கை தூக்குங்க. இன்னிக்கே நான் பார்க்கறேன்."

ஒரு கையும் எழவில்லை.

பியூலா மைக்கை வாங்கினார். "எழுந்திரும்மா. எதுக்கு வெட்கம்? இங்க உன்னைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா?"

"சிரிக்க மாட்டோம்க்கா, எழுந்திருங்க," என்றாள் ஷபீனா, ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே.

டாக்டர் சீட்டைத் திருப்பினார். மனு எழுதிப் பழகிய கை போலிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியும் பெயர், வயது, ஊர் மூன்றும் பின்பக்கம் இருந்தன.

"தேவானந்தம்," என்று படித்தார். "அறுபத்து மூணு. இரும்புலியூர்."