டார்ச் வெளிச்சம்

மீன் அறையில் கவிழ்த்த வாளிமேல் தேவசகாயம், வாசற்படியில் மனைவி ரோஸ்லின், தொட்டிக்குள் மண்குழாயில் முட்டைகளை அணைத்தபடி ஆண் கெளுத்தி. முட்டைகள் பத்திரமா என்று அவர் மறுபடியும் டார்ச் அடித்தார். மிரண்ட கெளுத்தி முட்டைகளை வெளியே தள்ளிவிட்டு மூலையில் ஒதுங்கியது.

“அதையாவது நிம்மதியா விடக்கூடாதா? நம்ம புள்ள ரூம் கதவையும் இப்படித்தான் தொறந்து தொறந்து பாத்தீங்க. அவளும் வீட்ட விட்டுப் போயிட்டா.”

சிதறிய முட்டைகளை அவர் வலையால் அள்ளி வேறு தொட்டியில் விட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ‘ஞாயிறன்று உன்னைப் பார்க்க வருகிறேன்’ என்ற வரியை எழுத்தே தெரியாதபடி அடித்துவிட்டு உறையை ஒட்டினார்.

“நீயே தபால்ல போட்டுடு.”

எங்கே கடிதத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று ரோஸ்லின் செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினாள்.